கூரையில் விட்டுப்போன ஏழு ஸ்பீக்கர்

வீட்டை விற்றவர்கள் போகும்போது துடைப்பத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. குளியலறைக் குவளை, சன்னல் திரைக் கம்பி, வாசல் மணியின் பித்தான் என்று எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். கூடத்தின் கூரையில் பதித்திருந்த ஏழு ஸ்பீக்கர்களை மட்டும் விட்டுப் போனார்கள். ஃபால்ஸ் சீலிங்கிலிருந்து பெயர்த்து விற்றாலும் பத்துக் காசு தேறாது என்பதால் அந்தப் பெருந்தன்மை.

கூடம் ஒரு காலத்தில் சின்ன சினிமாக் கொட்டகையாக இருந்திருக்கிறது. மூன்று சுவர்களில் கருஞ்சிவப்புத் துணி ஒட்டியிருந்தது. நாலாவது சுவரில் டிவி மாட்டியிருந்த இடம் மட்டும் நிறம் மங்காமல் பெரிய செவ்வகமாகத் தெரிந்தது. தரையில் கனத்த நாற்காலிகளின் கால் பதிந்த குழிகள் இரண்டிரண்டாக இருந்தன. சுவர் அலமாரியைத் திறந்தால் ஆம்ப்ளிஃபயர் இருந்த இடத்தில் தூசி படியாத ஒரு சதுரம். பின்பலகையின் ஓட்டை வழியாக ஒயர்கள் கொத்தாகத் தொங்கின. ஒவ்வொன்றிலும் வெள்ளை டேப் சுற்றி, பொடி எழுத்தில் "முன் இடது", "பின் வலது", "நடு" என்று யாரோ பொறுமையாக எழுதியிருந்தார்கள்.

"இவ்வளவு ஆசையாப் பண்ணிட்டு ஏன்தான் வித்துட்டுப் போனாங்களோ" என்றாள் மனைவி.

"ம்" என்றார் பாம்புக்காதர். அவள் உதட்டிலிருந்து "ஆசையா" என்ற ஒரு சொல்லைத்தான் பிடித்திருந்தார். எந்தக் கேள்விக்கும் பொருந்துகிற பதில் அவர் கைவசம் அது ஒன்றுதான் இருந்தது.

பாம்புச் செவி என்ற பொருளில் பாம்புக்காதர் என்று அவருக்குப் பெயர் வைத்தது டெலிபோன் எக்ஸ்சேஞ்சில். முப்பத்திரண்டு வருஷம் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர். மழையில் லைன் கரகரவென்று இரைந்தாலும், மறுமுனையில் பேசுகிறவர் பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசினாலும், பெயரும் எண்ணும் பிசகாமல் எழுதிக்கொள்வார். மற்றவர்களுக்குப் புரியாத அழைப்பையெல்லாம் அவர் மேசைக்குத் தள்ளிவிடுவார்கள். மனுஷனுக்கு அதில் தலைகால் புரியாத பெருமை.

அந்தக் காது ரிட்டயரான கையோடு அவரை விட்டுப் போய்விட்டது. ஒரே நாளில் போகவில்லை. முதலில் குருவிகள் போயின. பிறகு குக்கர் விசில், அப்புறம் பெண்கள் பேச்சு, கடைசியில் ஆண்கள் பேச்சு. இப்போது மிஞ்சியிருந்தது, பக்கத்து அறையில் யாரோ மெத்தையை இழுப்பது போன்ற ஒரு முனகல் மட்டும். டாக்டரிடம் போனால் மெஷின் மாட்டச் சொல்வார். பாம்புக்காதருக்கு மெஷினா? எக்ஸ்சேஞ்ச் ஆட்கள் தெருவில் பார்த்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்களே. ஆகவே டாக்டரிடம் போகாமல், கண்ணாடி முன்னால் நின்று தன் உதட்டையே பார்த்துப் பார்த்து, உதட்டைப் படிக்கப் பழகிக்கொண்டார். கெட்டிக்காரத்தனம் நிறைய இருந்தது, புத்திதான் இல்லை.

கட்டிய மனைவிக்கே தெரியாதா என்று கேட்கலாம். முதல் ஒரு வருஷம் உதட்டைப் படித்தே சமாளித்துவிட்டார். அதற்குப் பிறகும் தெரியாமல் போனதற்குக் காரணம் இருந்தது. மகன் செத்துப்போன வீட்டில், அப்பா கூப்பிட்டதும் திரும்பாமல் உட்கார்ந்திருந்தால் யாரும் காதைச் சந்தேகப்பட மாட்டார்கள்.

மகனுக்கு இருபத்தாறு வயது. வேறு ஊரில், ஒரு கட்டடக் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு வீட்டு போன் அடித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த இவர் மேசை அதிர்வதைப் பார்த்து எடுத்தார். எண்ணைப் பார்த்ததும் மகன் என்று தெரிந்துவிட்டது. மனைவி ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே ஓடிவந்து பக்கத்தில் நின்று கையை நீட்டினாள். ரிசீவருக்குள் முனகல்தான் வந்தது. போனில் உதடு தெரியாதே. "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லி வைத்துவிட்டார்.

"என்ன சொன்னான்?" என்றாள் அவள்.

"நல்லா இருக்கானாம். சாப்பிட்டானாம். வேலையா இருக்கான், அப்புறம் பேசறானாம்."

அப்புறம் என்று ஒன்று வரவில்லை. ஒரு மணி நேரத்தில் அவன் பைக் லாரிக்கு அடியில் கிடந்தது. துக்கம் விசாரிக்க வந்த ஒவ்வொருவரிடமும் அவள் அந்த வார்த்தைகளைச் சொல்லி அழுதாள். "நல்லா இருக்கேன், சாப்பிட்டேன்னுதாங்க சொன்னான். அதுதான் கடைசி." பாம்புக்காதர் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் பழைய வீட்டில் எந்த மூலையைப் பார்த்தாலும் அவளுக்கு அழுகை வந்தது. அதனால்தான் அதை விற்று, யாரோ விட்டுப்போன இந்த வீட்டுக்கு வந்தார்கள்.

குடிவந்த பத்தாம் நாள், கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தி அண்ணாந்து பார்த்தாள்.

"என்னங்க, மேலேருந்து யாரோ பேசற மாதிரி இல்ல?"

பாம்புக்காதர் நிபுணரைப் போலத் தலையைச் சாய்த்தார். "ஆமா, கேக்குது. ஏதாவது ரேடியோவா இருக்கும். நீளமான ஒயர் கிடந்தா ஏரியல் மாதிரி எதையாவது இழுத்துக்கும். எக்ஸ்சேஞ்ச்ல ஒரு தடவை வானிலை அறிக்கையே லைன்ல வந்துச்சு."

வானிலை அறிக்கை வந்தது உண்மைதான். அதனால், தான் சொல்வது பொய் என்றே அவருக்குத் தோன்றவில்லை. தன் காதுக்கு எட்டாத ஏதோ ஒரு சத்தம் கூரையில் இருக்கிறது, அவ்வளவுதானே என்று நினைத்துக்கொண்டார்.

நாலு நாள் கழித்து அவள் மறுபடி சொன்னாள். "ரேடியோ இல்லைங்க. ஒரே ஆளு. தினம் பதினோரு மணிக்குத்தான் வருது." முகத்தை அவர் பக்கம் திருப்பி, "நம்ம பையன் குரல் மாதிரி இருக்கு. உங்களுக்கு அப்படிப் படலையா?"

இந்த இடத்தில் "எனக்குக் காது கேக்காது" என்று மூன்று வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். மனுஷன் சொல்லவில்லை. "கொஞ்சம் அப்படித்தான் இருக்கு" என்றார்.

அவள் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது. "அப்போ எனக்கு மட்டும் இல்ல. பைத்தியம் பிடிச்சிருச்சோன்னு பயந்துட்டேன். எனக்கு வார்த்தை புரியலீங்க, சுவத்துக்கு அந்தப் பக்கம் பேசற மாதிரி இருக்கு. உங்க காதுக்கு எல்லாம் புரியுமே. என்ன சொல்றான்?"

அவர் கூரையைப் பார்த்தார். கறுப்பு வலை மூடிய ஏழு வட்டங்கள் அவரைப் பார்த்தன. இரண்டு வருஷமாக அவள் கொறித்துக்கொண்டுதான் இருந்தாள், புடவைக்குள் உடம்பு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. அதை நினைத்துத்தான் சொன்னார். "சாப்பிட்டியாம்மான்னு கேக்கறான்."

அன்றைக்கு அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

அதிலிருந்து தினம் பதினோரு மணிக்கு இரண்டு பேரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். அவள் விரலை உயர்த்தி "வந்துட்டான்" என்பாள். இவர் கண்ணை மூடிக் கேட்பது போலக் கேட்டுவிட்டு, "மாத்திரை போட்டியாங்கறான்" என்பார். "வெயில்ல ரொம்ப நிக்காதேங்கறான்." "கால் வீக்கம் எப்படி இருக்குன்னு கேக்கறான்." அவள் மாத்திரை போட்டாள், வெயிலில் நிற்பதை விட்டாள், காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டாள். அவர் வாயால் சொல்லியிருந்தால் காதிலேயே போட்டுக்கொண்டிருக்க மாட்டாள். கன்னத்தில் சதை பிடித்தது. ஒரு பாவமும் அறியாத பொய் என்று அவர் தன்னையே தட்டிக்கொடுத்துக்கொண்டார். சில நாள் சொல்வதற்கு ஒன்றும் கிடைக்காமல் முந்தின இரவே யோசித்து வைத்துக்கொள்வார். மகன் உயிரோடு இருந்தபோது அம்மாவிடம் இவ்வளவு அக்கறையாக ஒரு வார்த்தை பேசினவன் இல்லை. அதை அவளும் மறந்துவிட்டாள், அவரும் மறந்துவிட்டார்.

மூன்றாம் மாதம் ஒரு நாள், அவள் நல்ல புடவைகளையெல்லாம் எடுத்துத் தங்கைக்கு அனுப்பிவிட்டதைப் பார்த்தார். மறுநாள் அவரைச் சமையலறைக்கு அழைத்துப்போய் எது எந்த டப்பாவில் இருக்கிறது என்று காட்டினாள். ரேஷன் அட்டை, கேஸ் புத்தகம், அவருடைய ரத்த அழுத்த மாத்திரைச் சீட்டு எல்லாம் ஒரு பைக்குள் போட்டு ஆணியில் மாட்டியிருந்தாள்.

"இதெல்லாம் எனக்கு எதுக்கு?"

"தெரிஞ்சு வெச்சுக்கோங்க."

அன்று பதினோரு மணிக்கு அவள் விரலை உயர்த்தவில்லை. நேராக அவர் முகத்தைப் பார்த்தாள். "கொஞ்ச நாளா ஒண்ணையேதான் சொல்றான். என்னை அங்க வரச் சொல்றானா? அப்படித்தான் எனக்குப் படுது. சரியாக் கேட்டுச் சொல்லுங்க."

"சேச்சே. அப்படியெல்லாம் ஒண்ணும் சொல்லல" என்றார் பாம்புக்காதர்.

"பின்ன என்ன சொல்றான்?"

முந்தின இரவு யோசித்து வைத்த வார்த்தை வாய்க்கு வரவில்லை. "இன்னிக்குத் தெளிவா இல்ல" என்றார்.

"நீங்க மறைக்கறீங்க" என்றாள் அவள். கோபமே இல்லாமல் சொன்னாள், அதுதான் அவரைக் கலக்கியது.

மறுநாள் காலையிலேயே கடைக்குப் போய் ஹோம் தியேட்டர் மெக்கானிக்கை வரச் சொன்னார். ரேடியோ இரைச்சலை இழுக்கிற அந்த ஒயர்களைப் பிடுங்கி எறிந்துவிட்டால் சத்தம் நின்றுவிடும், சத்தம் நின்றால் அவளும் நிற்பாள் என்பது அவர் கணக்கு. அவளிடம் மட்டும் ரிப்பேர் என்று சொல்லியிருந்தார். "இனிமே வார்த்தை தெளிவாக் கேக்குமா?" என்று கேட்டபடியே அவள் மெக்கானிக்குக்கு நாற்காலி போட்டாள், காபி கொடுத்தாள்.

மெக்கானிக் பெரிய உடம்புக்காரர். கை இரண்டும் வேலைக்கு வேண்டும் என்பதால் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டே பேசுகிற வழக்கம் அவருக்கு. டார்ச் கவ்விய வாயில் பாம்புக்காதர் எதைப் படிப்பது? "ம்" என்றார், "ம், ம்" என்றார். மெக்கானிக் தலையாட்டிவிட்டு ஒரு கத்தியை எடுத்து, சுவரின் சிவப்புத் துணியை மேலிருந்து கீழே ஒரு ஆள் உயரத்துக்குக் கிழித்துப் போட்டார்.

"ஏன் துணியைக் கிழிச்சீங்க?" என்று அவள் பதறினாள்.

மெக்கானிக் டார்ச்சை எடுத்தார். "கிழிக்கலாமான்னு கேட்டேனே. ஐயா ம்னு சொன்னாரே."

கிழித்த இடத்தில் குழாய் இருந்தது, குழாய்க்குள் ஒயர் இருந்தது. மெக்கானிக் அலமாரிக்குப் போய் ஒரு சின்ன பேட்டரியை எடுத்து, ஒயரின் முனைகளில் ஒவ்வொன்றாகத் தொட்டார். தொட்டால் அந்த ஸ்பீக்கரில் "டப்" என்று ஒரு சத்தம் வரவேண்டுமாம். ஏழிலும் தொட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். ஏணியைப் போட்டு ஏறி, நடு ஸ்பீக்கரின் வலையைக் கழற்றி, திருகுகளை எடுத்து, அதை இரண்டு கையாலும் கீழே இறக்கினார். அப்புறம் பின்பக்கத்து இரண்டையும் அப்படியே இறக்கிப் பார்த்தார்.

இறங்கி வந்தவர் வாயில் டார்ச் இல்லை. பாம்புக்காதர் ஒவ்வொரு எழுத்தையும் படித்தார்.

"ஐயா, இதுல ஒயரே மாட்டல. போறப்ப ஸ்பீக்கர்கிட்டயே நறுக்கி, முனையை இழுத்து வேற எங்கயோ சொருகிட்டுப் போயிருக்காங்க. என்ன கோவமோ. இப்ப இது வெறும் காகிதமும் காந்தமும்தான். இதுல ரேடியோவும் வராது, ஒண்ணும் வராது."

அப்போது அவள் விரலை உயர்த்தினாள்.

மூன்று பேரும் அசையாமல் நின்றார்கள். கூரையில் வட்டமாக மூன்று ஓட்டைகள். அவள் முகம் மலர்ந்து, மெக்கானிக்கைப் பார்த்துத் தலையசைத்தாள், இதோ நீங்களே கேளுங்கள் என்பதுபோல. மெக்கானிக் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பினார்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையேம்மா" என்றார். பிறகு இவரைப் பார்த்து, "ஐயா, உங்களுக்குக் கேக்குதா?"

நல்ல காதுள்ள ஒரு மனுஷன் அந்த வீட்டுக்குள் வந்து நின்று சொன்னபோதுதான் பாம்புக்காதருக்கு உறைத்தது. ரேடியோ இல்லை. முனகலும் இல்லை. கூரையில் எதுவுமே இருந்ததில்லை. பைத்தியமோ என்று பயந்த ஒருத்தியிடம், பயப்படாதே, எனக்கும் கேட்கிறது என்று மூன்று மாதமாகச் சத்தியம் செய்தது அவர்தான். வெறுமையிலிருந்து வார்த்தை எடுத்து எடுத்து அவள் கையில் கொடுத்ததும் அவர்தான். இனி அவள் அவனிடம் போகிறேன் என்று கிளம்பினால் அந்த வழியைப் போட்டுக்கொடுத்தவரும் அவர்தான்.

"நீங்க நாளைக்கு வாங்க" என்று மெக்கானிக்கை அனுப்பினார். அந்த மனுஷனும் ஏணியை விட்டுவிட்டு, கருவிப் பெட்டியைக்கூட மூடாமல் போய்விட்டார்.

அவள் எதிரில் உட்கார்ந்து, தன் பேச்சு எவ்வளவு சத்தமாக வருகிறது என்று தெரியாமலே சொன்னார். "எனக்குக் காது கேக்காது."

அவள் புரியாமல் பார்த்தாள்.

"ஒண்ணுமே கேக்காது. நீ பேசறதைக் கூட உதட்டைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கறேன். அவன் சாப்பிட்டியான்னு கேக்கல. மாத்திரை போட்டியான்னும் கேக்கல. எல்லாம் நானாச் சொன்னது. நீ நல்லா இருக்கணும்னு சொன்னேன்."

"எப்போலேருந்து கேக்கல?"

"மூணு வருஷம் இருக்கும்."

அவள் உதடுகள் எதையோ எண்ணுவதைப் பார்த்தார். மூன்றிலிருந்து இரண்டைக் கழிக்க அவளுக்கு வெகு நேரம் ஆனது.

"அப்போ அந்த போன்?"

"கேக்கல."

"நல்லா இருக்கேன், சாப்பிட்டேன்னு சொன்னான்னீங்களே."

"அவன் சொல்லல. நான் சொன்னது." அவர் குரல் உடைந்தது, அது அவருக்குத் தொண்டையில்தான் தெரிந்தது. "வெக்கமா இருந்துச்சு. என் பிள்ளை பேசறது எனக்கே கேக்கலேன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு."

அவள் எழுந்தாள். அவரைத் தாண்டிப் போய், நடு ஸ்பீக்கர் இருந்த ஓட்டைக்கு நேர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். உதடுகள் அசைய ஆரம்பித்தன. முதலில் தன்னைத்தான் திட்டுகிறாள் என்று நினைத்தார். திட்டினால் நல்லது என்றுகூட நினைத்தார். ஆனால் அது யாரோ சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்கிறவளின் வாயாக இருந்தது. கொஞ்சம் அசைந்தது, நின்றது, மறுபடி அதே அளவு அசைந்து நின்றது.

ஒன்றை மட்டும் அவர் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. யாரிடமும் சொன்னதில்லை. அன்று ரிசீவரில் வந்த முனகல் ஒரே நீளமுள்ள துண்டுகளாக வந்தது. ஒரு துண்டு, கொஞ்சம் இடைவெளி, மறுபடி அதே துண்டு. அப்படி ஐந்து தடவை வந்த பிறகுதான் அவர் "சரிப்பா" என்று வைத்தார்.

இப்போது அவள் உதட்டில் அதே நீளம் இருந்தது, அதே இடைவெளி இருந்தது. இத்தனை நாள் புரியாத வார்த்தை அவளுக்கு இன்று புரிந்துவிட்டது போலிருந்தது. அவர் கிட்டே போய்ப் படித்தார்.

அப்பா, நான் பேசறது கேக்குதா?

கண்ணை எடுக்காமல் படித்தார். மூன்றாம் தடவை, நாலாம் தடவை. ஐந்தாவதோடு அவள் உதடு நின்றது. மேலேயும் யாரோ பதிலுக்குக் காத்திருப்பது போல் கூடம் முழுக்க ஒரு காத்திருப்பு.

"கேக்கலப்பா" என்றார் அவர் கூரையைப் பார்த்து. தெருவுக்கே கேட்டிருக்கும். "அப்பாவுக்குக் காது கேக்கலப்பா."

அவள் உதடு அசைந்தது.

அப்போ அம்மாகிட்ட குடுங்க.

அன்று அவள் பக்கத்தில்தான் நின்றாள், கையை நீட்டிக்கொண்டு நின்றாள். கொடுத்திருக்கலாம். உட்கார இடம் தேடினார், நாற்காலி தூரத்தில் இருந்தது.

நிமிர்ந்தபோது அவள் அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றிருந்தாள். ஃபோன் பேசுகிறவர்கள் கூட்டத்திலிருந்து கொஞ்சம் ஒதுங்கி நிற்பார்களே, அப்படி. முகம் தெரியவில்லை, உதடு தெரியவில்லை. பின்னந்தலை மட்டும் தெரிந்தது. அது அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு மெல்ல ஒரு முறை ஆடியது, எதற்கோ சரி என்று சொல்கிறதைப்போல.

அவர் பாய்ந்து போய் அவள் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அவள் கையை உருவிக்கொள்ளவில்லை, திருப்பிப் பிடிக்கவும் இல்லை. மேலே பார்த்தபடியே இன்னொரு முறை தலையை ஆட்டினாள்.